பென்சில் முனையின் அகலம்

கச்சேரி மாடியில் ஆறு நாட்டுக்காரர்கள்.
சீனி குறைந்த தேநீர்.
மேசையை மூடிக் கிடக்கிறது படம்:
காத்மண்டுவில் ஏறினால் பொத்துவிலில் இறங்கலாம்,
நடுவில் ஒரு கடல் மட்டும்
புள்ளிக் கோடாக.

நான் நில அளவைத் திணைக்களத்துப் படவரைஞர்.
அவர்கள் கை காட்டும் திசையில்
அரை மில்லிமீற்றர் பென்சிலை நகர்த்துவது என் வேலை.

மட்டக்களப்பில் தண்டவாளம் முடிகிறது.
முட்டுக்கட்டைக்கு அப்பால் எருக்கலை, இரண்டு ஆடு,
யாரோ சாய்த்து வைத்த சைக்கிள்.
அங்கிருந்து தெற்கே இழுக்கச் சொன்னார்கள்.
இழுத்தேன்.
களுவாஞ்சிக்குடி, கல்முனை, அக்கரைப்பற்று,
தேநீர் ஆறுமுன் பொத்துவில்.

தண்டவாளத்துக்குத் தண்டவாளம் எவ்வளவு என்று கேட்டார் தலைவர்.
ஆயிரத்து அறுநூற்று எழுபத்தாறு மில்லிமீற்றர்.
தில்லியிலும் அதுதான், கராச்சியிலும் அதுதான்,
ஏறாவூரிலும் அதுதான்.
எங்கள் நாடுகள் சண்டையில்லாமல் ஒத்துக்கொண்ட எண்.
அதையும் வேறு யாரோ வந்து போட்டுவிட்டுப் போனார்கள்.
சிரித்தார்கள்.
கூட்டக் குறிப்பில் சிரிப்பை நான் எழுதவில்லை.

பூட்டானின் உக்யென் மட்டும் ஜன்னலோரம் நின்றார்.
அவர் நாட்டில் ரயிலும் இல்லை, கடலும் இல்லை.
இரண்டுக்கும் சேர்த்துக்
கையெழுத்து வைக்க அனுப்பியிருக்கிறார்கள்.
வாவியைக் காட்டி, இதுதானா கடல் என்றார்.
இல்லை, இது காத்திருக்கும் தண்ணீர் என்றேன்.

பின்னேரம் நிந்தவூரில் பொதுமக்கள் கருத்து.
பிளாஸ்டிக் கதிரைகள், ஓடாத மின்விசிறி.
வேலை கிடைக்குமா என்றார்கள், காணிக்கு என்ன விலை என்றார்கள்,
மீனுக்கு ஐஸ் பெட்டி உண்டா என்றார் ஒருவர்,
டாக்கா வரைக்கும் கெடாமல் போகுமா?

பௌசியா எழும்பினாள். என் வயதுதான் இருக்கும்.
தாய்வழியில் வந்த ஏழு ஏக்கர் வட்டை.
"கோடு வடிவாத்தான் இருக்கு மிஸ்.
மாரியில கல்லோயாத் தண்ணி மேற்கால வரும்.
உங்கட கட்டு வடக்குத் தெற்கா மறிச்சு நிக்கும்.
தண்ணி எந்த டிக்கட்டில
கடலுக்குப் போறது?"

மொழிபெயர்த்தேன்.
இரண்டாம் கட்ட ஆய்வில் பார்ப்போம் என்றார் தலைவர்.
அதையும் மொழிபெயர்த்தேன்.
அது தமிழிலும் அப்படியேதான் இருந்தது.

டாக்காவின் பொறியியலாளர் ரெஹ்னுமா
என் மொழிபெயர்ப்புக்குக் காத்திருக்கவில்லை.
என் கையிலிருந்த பென்சிலை வாங்கி
வரவுத் தாளின் பின்பக்கம் நீளமாய் ஒரு கட்டு வரைந்தாள்,
அதன் அடியில் ஒரு வட்டம்: மதகு.
பௌசியா தலையாட்டினாள். காணாது.
ஐந்து. காணாது.
பன்னிரண்டு. பதினெட்டு.
இரண்டு பேரும் இப்போது நிலத்தில் குந்தியிருந்தார்கள்.
ஒருத்தி பேசியது வங்காளம்,
மற்றவள் பேசியது நிந்தவூர்,
நடுவில் மூழ்கிய பயிர் எத்தனை நாள் தாங்கும் என்று
விரல்கள்.
முப்பத்தொன்றில் பௌசியா நிமிர்ந்து பார்த்தாள்.
அதற்குள் அது கட்டாக இல்லை,
சல்லடையாக இருந்தது.
செலவுக் கணக்குப் பார்ப்பவர் தொலைபேசியுடன் வெளியே போனார்.

இரவு விடுதியில் கணக்குப் போட்டேன்.
படத்தின் அளவு ஒன்றுக்கு இருபத்தைந்து லட்சம்.
என் பென்சில் முனை அரை மில்லிமீற்றர்.
அப்படியென்றால் நான் இழுத்த கோட்டின் அகலம் நிலத்தில்
ஒன்றேகால் கிலோமீற்றர்.
ஏழு ஏக்கரும், பள்ளிவாசலும், பாடசாலையும்,
நாங்கள் இருந்து பேசிய மண்டபமும்,
அந்த ஓடாத மின்விசிறியும்
கரிக்கோட்டுக்கு உள்ளே.
அழுத்தி வரைந்திருந்தேன் வேறு.

கோட்டை நகர்த்த எனக்கு அதிகாரமில்லை.
அழிறப்பர் வைத்திருக்க அதிகாரம் உண்டு.
கல்முனைக்குக் கீழே
முப்பத்தொரு இடத்தில் துடைத்தேன்.

காலையில் படத்தை விரித்தார்கள்.
தலைவர் கண்ணாடியைத் தூக்கிக் குனிந்தார்.
"இங்கேயும் புள்ளிக் கோடு போட்டிருக்கிறாய்,
இங்கேயும் கடல் வருகிறதா?"

மாரியில், என்றேன்.