நூற்று முப்பது கிரெயின்

நவம்பர் மழையோடு உள்ளே வந்தான் மர்டோ.
மான் உரிக்கும் கொட்டகையின் எஃகு மேசைமேல்
மூன்று தோட்டாக்களை நிறுத்தினான்,
சதுரங்கத்தில் காய் வைப்பதுபோல.
"நீ சொல்லு" என்றான்,
துப்பாக்கியைத் தொட்டதே இல்லாத என்னிடம்.

சதர்லாந்தின் இந்தப் பள்ளத்தாக்கில்
அவன் வெளியிலிருந்து பார்ப்பவன்.
நான் உள்ளிருந்து.
அவன் விரல் மடங்கியபின் நடந்ததெல்லாம்
மறுநாள் காலை என் கொக்கியில் தொங்கும்.
தோலை இழுக்க இழுக்க
எவ்வளவு தூரத்திலிருந்து என்று
எனக்குத் தெரிந்துவிடும்.

போன மாதம் வந்த கலை.
(ஆண்மானுக்குத் தமிழில் அதுதான் பெயர் என்று
ஒருமுறை இவனிடம் சொல்லியிருக்கிறேன்.
அதே சொல்லுக்கு வேறு பொருளும் உண்டு என்றேன்.
என்ன என்றான்.
ஓவியம், சிற்பம், நீ குறிவைக்காத எல்லாம்.)
பன்னிரண்டு கிளைக் கொம்பு, பிடரியெல்லாம் சேறு.
பிர்ச் மரங்களுக்குள் அறுபது கஜம்.
நூற்றைம்பது கிரெயின் ஈயம், மெல்லிய மூக்கு.
அத்தனை பக்கத்தில் அதற்குப் பொறுமை இருக்கவில்லை.
தோளெலும்பில் முட்டிய இடத்திலேயே
தன்னைத்தானே உதறிச் சிதறியிருந்தது.
கலை நின்ற இடத்திலேயே விழுந்தது, உண்மை.
ஆனால் இரண்டு தோளும் நாவற்பழக் கூழ்.
ஆறு கிலோ கறியை வாளியில் கொட்டினேன்.
கத்திக்கு அகப்படாத ஈயத்தூள்
இன்னும் எங்கெல்லாம் இருந்ததோ.

வெள்ளிக்கிழமை வந்த பிணை வேறு கதை.
ஓடைக்கு அந்தப்புறச் சரிவு, முந்நூறு கஜம்.
நூற்றெண்பது கிரெயின், தடித்த உறை.
போய்ச் சேர்வதற்குள் களைத்து
விரியவே மறந்து
இந்த விலாவில் நுழைந்து அந்த விலாவில் வெளியேறியிருந்தது,
கோணி தைக்கும் ஊசி மாதிரி.
அவள் ஒரு மைல் ஓடினாள்.
நாய் கண்டுபிடித்தபோது விடிந்திருந்தது.
கண்களைக் காக்கை கொண்டுபோயிருந்தது.
அதன்பின் நான்கு நாள்
மர்டோ யாரோடும் பேசவில்லை.

இப்போது இந்த மூன்றாவது.
நூற்று முப்பது. முழுக்கச் செம்பு.
"இவ்வளவு சின்னதா, அவ்வளவு பெரிய உடம்புக்கு?"
கனம்தான் பலம் என்று நம்பும் ஊர் இது,
கம்பளிச் சட்டையிலிருந்து கல்லறைக் கல்வரை.

ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னேன்:
இலேசானது வேகமாய்ப் போகும்.
வேகம் மிச்சமிருந்தால்தான் எட்டத்தில் விரியும்.
செம்பு உடையாது,
கிட்டத்தில் அடித்தாலும் முழுசாய் நிற்கும்.
பக்கத்தில் நிதானம், தூரத்தில் கோபம்,
இரண்டும் ஒரே உலோகத்தில் வேண்டும் உனக்கு.
மனிதர்களிடம் நான் இன்னும் பார்க்கவில்லை.

"அப்போ முந்நூறு கஜம் சரிதானே?"
"இருநூறு.
மீதி நூறை முழங்காலில் போ.
ஹெதர் புதர் ஈரமாய்த்தான் இருக்கும்."

அவன் சிரிக்கவில்லை.
இரண்டு தோட்டாவைச் சட்டைப்பைக்குள் போட்டான்.
மூன்றாவதைக் கொஞ்சநேரம் உள்ளங்கையில் வைத்து
எடை பார்ப்பதுபோல் நின்றான்.
மழை விட்டதும் போனான்.

புதன்கிழமை பிணை ஒன்று வந்தது.
அவனுடைய கால்சட்டை
முழங்காலுக்குக் கீழே கறுப்பாக நனைந்திருந்தது.
தூரத்தை அவன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.
ஒரு விலாவெலும்பு போயிருந்தது, இதயத்தின் மேல்பாதி போயிருந்தது.
கறியில் வீணானது
ஒரு கைப்பிடி.

மறுபக்கத் தோலுக்கு அடியில்
குளிர்ந்த வழுவழுப்பாய் அது அகப்பட்டது.
நான்கு இதழ் விரித்த செம்பு.
ஒரு இதழில் மயிர் ஒட்டியிருந்தது.
மசாலா நிறுக்கும் தராசில் வைத்தேன்:
எட்டு புள்ளி மூன்று கிராம்.
கிளம்பியபோது எட்டு புள்ளி நாலு.
நோட்டில் தேதி போட்டு எழுதினேன்.
அழகாயிருக்கிறது என்று எழுத வந்து
எழுதாமல் விட்டேன்.

இரவு பதினொரு மணிக்கு
துவைக்கும் எந்திரத்துக்குள்
டக், டக், டக்.
"சில்லறையை எடுக்க மறந்துட்டியா?"
படுக்கையிலிருந்து இளம்பரிதியின் குரல்.

ஆமாம் என்றேன்.