இழை எண் நாற்பத்தொன்று

பாத்திரம் இல்லாத உலை எங்களுடையது.
முந்நூறு மைக்ரான் தண்டின் நுனியில்
கண்ணுக்குத் தெரியாத லேசர் சுற்றிலுமிருந்து வந்து குவிய
ஒரு துளி உருகி, வெள்ளையாகக் கனன்று,
விழாமல் நிற்கிறது
தன் தோலையே சட்டியாகப் பிடித்துக்கொண்டு.

விதைப் படிகத்தை மேலிருந்து இறக்குவது மசேகோவின் கை.
தொடும்வரை மூச்சு விடமாட்டாள்.
தொட்டது பிடித்ததா என்று திரையில் பார்ப்பாள்.
மோட்டாரை நிமிடத்துக்கு ஒரு மில்லிமீட்டரில் வைத்துவிட்டு
‘படையாச்சி, டீ’ என்பாள்.

லாடியத்தில் அப்பாவுக்கு மிட்டாய்க் கடை.
கம்பிப்பதம் எனக்கு விரல் நுனியில் தெரியும்.
கண்ணாடி இழை அந்த வகை,
இழுத்த இழுப்புக்கு வரும், வந்த வாக்கில் உறையும்.
இது அப்படியில்லை.
அலுமினியம், யிட்ரியம், ஆக்சிஜன்,
நடுநடுவே அழைப்பின் பேரில் யிட்டர்பியம்,
ஒவ்வொன்றும் விதையின் வரிசையைப் பார்த்துப்
பந்தியில் தன் இலை தேடி உட்கார வேண்டும்.
யாரோ ஒருவர் இடம் மாறி உட்கார்ந்தால்
நாளைக்குக் கிலோவாட் ஒளி
அந்த இடத்தில்தான் சுடும்.

தண்டு மூன்று மடங்கு தடிமன் என்றால்
இழைக்கு ஒன்பது மடங்கு வேகம்.
கணக்கு அவ்வளவுதான்.
மீதியெல்லாம் தொந்தரவு.
நெடுஞ்சாலையில் நிலக்கரி லாரி,
ஏசியின் முனகல்,
கதவை அறைந்து சாத்தும் வான் டொண்டர்.
அரை மைக்ரான், ஒரு மைக்ரான் என்று
எல்லாரும் இழையில் ஏறிவிடுவார்கள்.

அன்று ஆறரைக்குத் தொடங்கினோம்.
எட்டு மணிக்கு ப்ரிட்டோரியாவில் நான்காம் நிலை மின்வெட்டு,
பட்டியலில் போட்டபடி.
இந்த ஊரில் நேரத்துக்கு வருவது
அது ஒன்றுதான் என்பாள் மசேகோ.
ஜன்னலில் இருந்த குன்று போயிற்று.
‘டக்’கென்று மின்கலங்கள் ஏற்றுக்கொண்டன.
துளி ஒருமுறை இமைத்தது.
நாங்கள் அசையவில்லை.
நின்றது.

அந்த வட்டாரம் முழுக்க எரிந்துகொண்டிருந்தது
கடுகில் பாதிகூட இல்லாத அந்த வெளிச்சம்.

மமெலோடியிலிருந்து அவள் மகன் போன் செய்தான்.
நாளைக்குக் கணக்குப் பரீட்சை,
மெழுகுவத்தி எங்கே?
‘இடது டிராயர், கீழ்த் தட்டு.
தங்கச்சியைத் தொடவிடாதே.’
சொல்லும்போதும் கண் துளியை விட்டு நகரவில்லை.

பத்து மணிக்கு மின்சாரம் வந்தது.
வந்த அதிர்ச்சியில் துளி அறுந்தது.

காலையில் அளந்தோம்.
முதல் ஒன்பது சென்டிமீட்டர் வழக்கமான மேடு பள்ளம்.
இமைத்த இடத்தில் ஒரு முடிச்சு.
அதற்குப் பிறகு பன்னிரண்டு சென்டிமீட்டர்,
திரையில் கோடு படுத்துக் கிடந்தது.
கருவி பழுதோ என்று மறுபடி அளந்தோம்.
படுத்தேதான் கிடந்தது.
முந்தைய நாற்பதில் எதற்கும் இல்லாத வழவழப்பு.

கம்பி வழியே வரும் ஏற்ற இறக்கம் இல்லை.
ஏசி இல்லை. ரோபோ விளக்குகள் செத்ததால்
லாரிகள்கூட எங்கோ சந்திப்பில் நின்றிருக்கும்.
ஊர் இருண்டிருந்த இரண்டு மணி நேரம்தான்
ஒளி போவதற்கு நாங்கள் போட்ட
நல்ல பாதை.
இதை எந்த அறிக்கையில் எழுதுவது?

வான் டொண்டருக்கு ஒரே சந்தோஷம்.
இனி எல்லா இழையும் மின்கலத்தில்தான் என்றார்,
கதவை அறைந்து சாத்திக்கொண்டு போனார்.
விண்ணப்பம், மூன்று பிரதி.
காரணம் என்ற கட்டத்தில்
‘சீரான மின்வழங்கல்’ என்று எழுதினேன்.

‘எத்தனை கேட்டிருக்கிறாய்?’
‘எட்டு.’
‘ஒன்பது என்று போடு.’

சிரிக்கிறாளா என்று பார்த்தேன்.
மூச்சை அடக்கி
விதையை இறக்கிக்கொண்டிருந்தாள்.