நகல் பாட்டு

முகல் தெருவில், பல் வைத்தியர் மாடியில்
சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டிய ஓர் அறை.
கப்பல்காரன் எவனோ விட்டுப்போன கேசட்டை
கோ பா ஞேன் என் பக்கம் தள்ளினார்.
"மெட்டு நல்லா இருக்கு தணிகை,
சொல்லை மட்டும் எங்க பாஷைக்கு மாத்து.
புதன்கிழமை வேணும். நாற்பது கியாட்."

எந்தப் படமென்று உறையில் இல்லை.
தோற்றவன் ஒருவன் பாடுகிறான்.
மழை பொய்த்த ஊர், செத்த மாடு,
பூட்டிய கோயில் கதவில் நெற்றியை முட்டி:
இருக்கிறாயா என்று கேட்கவில்லை,
கேட்கிறாயா என்றுதான் கேட்கிறேன்.

ஓட்டி ஓட்டி நாடா இழுக்கத் தொடங்கியது.
நம் மொழியில் வாய்க்கும் காதுக்கும் ஒரே வினை.
கேட்பவனும் கேட்பவனும்
ஒரே பாயில் படுத்துக்கொள்ளலாம்.
பர்மியத்தில் அது நடக்காது.
வாயால் என்றால் மே,
காதில் விழுந்தால் ச்சா,
நடுவே ஓர் ஆறு, படகு கிடையாது.

சரி, கடவுளுக்கு?
'பயா' போடலாம். இரண்டே அசை, மெட்டில் உட்காரும்.
ஆனால் பயா யாருக்கும் எதையும்
தருகிறேன் என்று சொன்னவரில்லையே.
மழைக்கு அவர் பொறுப்பில்லை, மாட்டுக்கும் இல்லை.
உன் வினை, நீ பார் என்று
இமை தாழ்த்தி உட்கார்ந்திருப்பவர்மேல்
என்னவென்று வழக்குப் போடுவது?
தணிக்கை அலுவலகத்தில் வேறு
சிவப்பு மசி காத்திருக்கிறது.

செவ்வாய் ராத்திரி கரண்ட் போயிற்று.
மெழுகுவத்தி வெளிச்சத்தில் பயாவை அடித்துவிட்டு
'அச்சித்' என்று எழுதினேன். அன்பே.
அதுவும் இரண்டு அசைதான்.
எல்லாம் பொருந்திப்போனது,
வெட்கப்படும் அளவுக்கு.
பூட்டிய கதவு அவள் வீட்டுக் கதவு.
பொய்த்த மழை அவள் வராத சாயங்காலம்.
மாடு மட்டும் எங்கும் அடங்கவில்லை,
எடுத்துவிட்டேன்.

மியின் ஹான் மூக்கால் பாடினார். ஓடியது என்றால்
அப்படி ஓடியது. டீக்கடையில், சைக்காவில்,
இன்செயின் ரயிலில் வெற்றிலை விற்பவன் வாயில்.
பூமயில் அரிசி களைந்தபடி முணுமுணுப்பாள்.
"எனக்குத்தானே எழுதினீங்க?"
பின்னே வேறு யாருக்கு, என்றேன்.
மூன்றாவதும் தங்காமல் போன வருஷம் அது.
ஆஸ்பத்திரியிலிருந்து வந்து பதினோரு நாள்.
அவள் பாடட்டும் என்று இருந்தது.

எத்தனையோ பங்குனி கழித்து, கம்பையில் காவடி.
தார் ரோடு காலைப் பிடித்து இழுக்கிறது.
தனாக்கா பூசிய பெண்கள் இரண்டு பக்கமும் நின்று
வருகிறவர் பாதத்தில் தண்ணீர் ஊற்றுகிறார்கள்.
முன்னால் பையன்கள், தவில், ஒரு கை ஒலிபெருக்கி.
என் மெட்டு!
என் மெட்டு எங்கே, கப்பல்காரன் மெட்டு.
கையில் காகிதம், பர்மிய எழுத்தில் தமிழ்.
வேலவா, கேட்டதெல்லாம் தந்தாயே வேலவா.
கேசட்டிலிருந்து எடுத்திருக்கிறார்கள்,
அச்சித்தை அடித்துவிட்டு.
அடிக்கும்போது கை கூசியிருக்காது,
எனக்கும் கூசவில்லை.

பால்குடத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு
பூமயில் என் முழங்கையைக் கிள்ளினாள்.
"பாருங்க, உங்க காதல் பாட்டைத் திருடி
சாமிக்குப் போட்டுட்டானுங்க!"
அவளுக்கு அது பெருமையாகத்தான் இருந்தது.
குடம் எதற்கான வேண்டுதல் என்று
ஒரு வருஷமும் நான் கேட்டதில்லை.

சரணம் முடிந்து பையன்கள் மூச்சு வாங்கும் இடத்தில்
இரண்டு தாளம் சும்மா போகும்.
அவன் நெற்றி கதவில் முட்டுகிற இடம்.
மூன்று பேர் சொல் போட்டும்
எவரும் நிரப்பாமல் விட்டது.
வாயைத் திறந்தேன், அதில் வைத்தேன்.
தவில் ஏறி மிதித்துக்கொண்டு போய்விட்டது.

பூமயில் திரும்பிப் பார்த்தாள், பால் தளும்ப.
"என்ன சொன்னீங்க?
கேக்கலை."