சூடான கோப்பை

கொள்ளுப்பிட்டியில், கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு
'ஓல்ட் பெல்' என்றொரு கடை.
உள்ளே செங்கல் கணப்பு. அதில் நெருப்பில்லை,
செம்மஞ்சள் பல்பு எரிகிறது.
நேர் மேலே ஏசி.
ஒன்றையொன்று ஏமாற்றுகின்றன என்றேன்.
இவர் சிரிக்கவில்லை.
வந்ததிலிருந்து குசினிக் கதவையே பார்க்கிறார்.

கலியாண நாள். பதினாறாவது.
அதில் பதினொன்று
இவர் லெஸ்டரில் ஒரு பப்பின் பின்பக்கம் கோப்பை கழுவின வருஷங்கள்,
நான் ஹம்டன் லேனில்
தொலைபேசிக்குப் பக்கத்திலேயே சோறு தின்ற வருஷங்கள்.
விசா முடிந்து, வழக்கு முடிந்து, அப்பீலும் முடிந்து
ஒரு சூட்கேசும் இரண்டு அதிகாரிகளுமாய்க்
கட்டுநாயக்காவில் வந்திறங்கினார்.

ஞாயிற்றுக்கிழமை ரோஸ்ற் போடுகிறார்களாம் என்று
இழுத்துவந்தது நான்தான்.
இவர் இருந்த ஊரின் ருசி
என் வாயிலும் ஒருதரம் இருக்கட்டுமே.

மாடு வேண்டாம், ஆடு என்றோம்.
வந்தது.
மெல்லிசாய் அரிந்த இறைச்சி,
புதினாச் சம்பல் போல ஒன்று, ஆனால் வினாகிரிப் புளிப்பு,
வாட்டிய கிழங்கு, அவித்த கரட்,
அவித்த பிறகும் யாரோ மறந்துபோய் அவித்த பட்டாணி.
நடுவே வாய் பிளந்தபடி
அப்பம் மாதிரி ஒன்று. பெயர் யோர்க்‌ஷயர் புடிங்.
புடிங் என்றால் இனிக்கும் என்றிருந்தேன்.
"இதுக்குள்ள கிரேவியை விடோணும்."
விட்டார்,
சோற்றில் குழி பறித்து ரசம் விடுகிற அதே கை.

கேட்காமலே ஒரு சின்னக் கிண்ணத்தில்
வெட்டின கொச்சிக்காய் கொண்டுவந்து வைத்தான் ருவந்த.
எல்லா மேசைக்கும் கேட்காமலேதான் வைக்கிறான்.
இவர் அதைத் தள்ளி வைத்தார்.
"இண்டைக்கு வேண்டாம்."

"எப்பிடி, அங்கத்தைய மாதிரி இருக்கோ?"
முள்ளுக்கரண்டி பாதி வழியில் நின்றது.
"தெரியாது."
"பதினொரு வருஷம்!"
"சூடாச் சாப்பிட்டதில்லை.
மிச்சம் வரும். நிண்டுகொண்டு வாயில போடுறது,
பைப் திறந்தபடி ஓடும்.
இந்தக் கிரேவி காய்ஞ்சா எப்பிடி ஒட்டும் எண்டு கேள், சொல்லுறன்.
புடிங் தட்டுத்தான் கரைச்சல்.
பன்னிரண்டு குழி. ஒவ்வொண்டாச் சுரண்டோணும்."

எங்கள் ஷோகேசில் ஒரு படம் இருக்கிறது.
வெள்ளைச் சட்டை, மர மேசை,
முன்னால் இதே இறைச்சி, இதே கிழங்கு.
மச்சாள் தன் மகளுக்கு மாப்பிள்ளை வீட்டார் வந்தபோது
அதைத்தான் முதலில் எடுத்துக் காட்டினாள்.

"அப்ப அந்தப் படம்?"
"ஆரோ ஓடர் பண்ணின கோப்பை.
முதலாளின்ர மனிசி எடுத்தவ.
எடுத்த உடன அவையளின்ர மேசைக்குப் போயிட்டுது."

படத்தில் ஆவி பறக்கும்.
தூசு தட்டும்போதெல்லாம்
பார்த்திருக்கிறேன்.

பிறகு நான் ஒன்றும் கேட்கவில்லை.
இவர் சாப்பிட்டார். வெகு மெதுவாக,
ஆறிவிடுமோ என்ற பயம் கொஞ்சமும் இல்லாமல்,
உப்புப் போதாத பட்டாணியைக்கூட ஒவ்வொன்றாய்.
எனக்கு ருசி பிடிக்கவில்லை. இப்போதும் சொல்கிறேன்,
பிடிக்கவில்லை.

முடிந்ததும் கை தன்பாட்டில் எழும்பியது.
எலும்பை ஒரு கோப்பைக்கு வழித்து,
பெரிதின்மேல் சிறிது, முள்ளுக்கரண்டியெல்லாம் ஒரே திசை,
கிண்ணம் உச்சியில்.
கொச்சிக்காய் இருந்தது இருந்தபடியே.
பக்கத்து மேசையையும் ஒருதரம் பார்த்தார்.
"சேர், எபா, எபா" என்று
ருவந்த ஓடிவந்தான்.

நான் மெனுவைத் திரும்பக் கேட்டேன்.
அப்பிள் கிரம்பிள், கஸ்டட்டோடு.
ஒன்றை இரண்டாய்ப் பிரிக்கவா மேடம்?
இல்லை, இரண்டு. இரண்டும் சூடாக.

பில்லில் பத்து வீதம் சேவைக் கட்டணம்.
விரலை அந்த வரியிலேயே வைத்துக்கொண்டு
ருவந்தவிடம் சிங்களத்தில் கேட்டார்,
இது குசினிக்கும் போகுமா என்று.

ருவந்த சிரித்தான்.
பேனாவை எடுத்துத் தந்தான்.