நிறம் ஏறாத நீர்

ஓல்டனில் பனிமூட்டத்தின் பதினோராம் நாள்.
பாலத்தில் நின்று பார்த்தாலும்
ஆரே ஓடுகிறதா நிற்கிறதா தெரியவில்லை.
நாலாவது மாடி. லிஃப்ட் கிடையாது.

கதவைத் திறந்த யோலாண்டாவின் காலில் ஒற்றைச் செருப்பு.
மற்றது ரேடியேட்டர்மேல் காய்ந்துகொண்டிருந்தது.
முதல் சாட்சி அதுதான்.

இரண்டாவது, ஃப்ரிட்ஜ் கதவில்.
மஞ்சள் சீட்டுகள், இரண்டு கையெழுத்து:
தொட்டியைக் கோட்டுக்கு மேல் நிரப்பாதே.
நிரப்பவில்லை. க்ளிக் என்னும்வரை நீதான் தள்ளுவதில்லை.
தள்ளினேன். கேட்டது.
எனக்குக் கேட்கவில்லை.
நீ தூங்கிக்கொண்டிருந்தாய்.

அவருக்குப் பகலில் பல் மருத்துவரிடம் கணக்கு வேலை.
ஆர்மினுக்கு இரவில் சரக்கு ரயில்.
ஒரே தண்டவாளம், நேரம் பிரித்து இரண்டு வண்டி.
நடுவில் இந்த நீராவி அடுப்பு,
அதன் கீழ் இழுப்பறையில்
ஊறி உப்பிய பிறந்தநாள் மெழுகுவர்த்திப் பெட்டி.

தொட்டியை உருவி ஜன்னலுக்கு நேரே பிடித்தேன். விரிசல் இல்லை.
நிரப்பிச் செய்தித்தாள்மேல் வைத்தேன். பத்து நிமிடம்.
வானிலைப் பக்கம் நனையவே இல்லை.
வால்வு சரி. ரசமட்டத்தில் குமிழி நடுவில்.
எல்லாம் ஒழுங்காக இருக்கும் வீட்டில்தான்
ஒழுக்கைக் கண்டுபிடிப்பது கஷ்டம்.

"கேக்குக்குப் போடும் சாயம் இருக்கிறதா? நீலம் என்றால் நல்லது."
கையேட்டில் இது கிடையாது. கம்பெனிக்குச் சொல்லவும் வேண்டாம்.
தொட்டியில் மூன்று சொட்டு.
உள்ளே மூன்று உருளைக்கிழங்கு, சும்மா ஓடவிடக் கூடாதே என்று.
நூறு டிகிரி.
தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

இருபதாவது நிமிடம் கதவின் கீழ்ப்புறம், இடது மூலையில்
ஒரு துளி திரண்டது, யோசித்தது, விழுந்தது.
வெள்ளைக் காகிதத்தில் ஒற்றி எடுத்தேன்.
காகிதம் வெள்ளையாகவே இருந்தது.

நீலமாக வந்திருந்தால் தொட்டியைக் குறை சொல்லலாம்.
இது ஒருமுறை கொதித்து எழுந்து
மறுபடி நீரான தண்ணீர்.
ஏறும்போது அது எதையும் எடுத்துப்போவதில்லை,
சாயத்தையும் சரி, சுண்ணாம்பையும் சரி.
கல்லுக்குள் ஈரம் என்பார்கள்; இங்கே ஈரத்துக்குள் கல்,
யூரா மலை ஒவ்வொரு குழாய் வழியாகவும் இறங்கி வருகிறது.
"தரை காய்ந்தபின் வெள்ளை வளையம் விழுந்ததா?"
கொஞ்ச நேரம் யோசித்தார்.
"இல்லை. ஒன்றுமே இருக்காது. அதனால்தான்
நான் கற்பனை செய்கிறேன் என்றார் அவர்."

ஐந்து வாரமாகத் தண்ணீர்
தடயம் இல்லாததையே தடயமாக வைத்துவிட்டுப் போயிருக்கிறது.

அடுப்பு ஆறியதும் கதவு ரப்பரின் மடிப்பில் விரல் ஓட்டினேன்.
இடது மூலையில் கடினமாக ஏதோ.
பச்சைப் பருப்பு. ஒன்றே ஒன்று.
வெந்து, காய்ந்து, மறுபடி வெந்து
ஆணித்தலை மாதிரி இறுகியிருந்தது.
திருப்புளி வைத்தால் ரப்பர் கிழியும். பல்குச்சியால் நெம்பினேன்.

"பருப்பு யார் சமைப்பீர்கள்?"
"செவ்வாய் நான். ஞாயிறு அவர்."
அதற்குள் ஆர்மின் எழுந்து வந்திருந்தார், தலையணைத் தடம் கன்னத்தில்.
"தொட்டிதானே?" என்றார்.
உள்ளங்கையை நீட்டிக் காட்டினேன்.
இருவரும் குனிந்து பார்த்தார்கள்.
அவரவர் கிழமையை எண்ணுவது முகத்தில் தெரிந்தது.
பருப்பில் கையெழுத்து இல்லை.

ஆர்மின் ஒரு கிழங்கைப் பிட்டு உப்புத் தொட்டு வாயில் போட்டார்.
"நீலமாக இல்லையே" என்றார், ஏமாந்தவர் போல.
யோலாண்டா சிரித்துவிட்டார். பிறகு,
சிரித்ததற்காகக் கோபப்பட்டு,
செருப்பை எடுக்கப் போனார்.

ரசீதில் பயணம், உழைப்பு, உதிரிபாகம் என்று மூன்று கட்டம்.
மூன்றாவதில் கோடு போட்டேன்.
நூற்று நாற்பது பிராங்க்.
சீட்டுகளை யாரும் கழற்றவில்லை.

இரண்டாம் மாடி திரும்பும்போதுதான் கவனித்தேன்,
என் கால்சட்டை முழங்காலில் ஈரம்.
காயட்டும்.
வளையம் விழுகிறதா பார்க்கலாம்.