நான்காம் வரிசை

பாயான் லெப்பாஸில் இரவு ஷிஃப்ட்.
எங்கள் சில்லுகளை இத்தனை வருஷம் வாங்கிய கணினிக் கம்பெனி
இனி வேறு கட்டமைப்புக்குப் போகிறதாம்.
இரண்டே பத்தி.
பூன் ஹெங் உரக்க வாசித்தான்,
கடைசி 'நன்றி'யையும் விடாமல்.

நான்காம் வரிசை எந்திரத்துக்கு யாரும் சொல்லவில்லை.
நூற்றைந்து பாகையில் சில்லுகளை வாட்டி
தேறியது, தேறியது, தேறாதது என்று
தள்ளிக்கொண்டே இருந்தது.
ரோஹானி இன்னொரு தட்டு வைத்தாள்.
நான் தடுக்கவில்லை.

அடுத்த வருஷம்
அவர்களுடைய புதுக் கணினியைத் தவணையில் வாங்கினேன்,
குறை கண்டுபிடிக்கத்தான்.
மடியில் வைத்தால் சுடவில்லை.
விசிறிச் சத்தமே இல்லை.
எரிச்சலாக இருந்தது.

கேண்டீன் சீட்டுக்கு
நான் எழுதிய பழைய நிரலைத் திறந்தேன்.
கொஞ்சம் யோசித்தது.
உள்ளே யாரோ அதற்கு
ஒவ்வொரு கட்டளையாக மொழிபெயர்த்துச் சொல்கிறார்கள்;
தான் குடிமாறியதே அதற்குத் தெரியாது.
பிறகு பட்டியல் வந்தது,
பழைய பிழையோடு,
ஒரு சென் கூடுதலாக.

ரோஹானி பெயருக்கு நேரே
இரண்டு மாதம் பாக்கி.
அவள் இப்போது கூலிமில், சோலார் தகடு ஆலையில்.
நினைவூட்டவா என்றது நிரல்.
அப்படித்தான் அதை எழுதியிருந்தேன்.