நாலாய் மடித்த துண்டு

பத்து மணிக்கு முதல் வரச்சொல்லித்தான் எழுதியிருக்கும்.
அந்த ஹோர்மோன் விடியற்காலையில் கூடி
வெயில் ஏற ஏற இறங்குமாம்.
ஏழு மணிக்கே வந்து நிற்கிறார்கள்,
வெள்ளவத்தையில் கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கையில்
எங்கள் லாபின் இரும்புக் கதவு திறக்குமுன்.

சீனிக்கு வருகிறவன் துண்டை மடிப்பதில்லை.
கொலஸ்ட்ரோலுக்கு வந்தவன் அதால் விசிறிக்கொண்டிருப்பான்.
நாலாய் மடித்து நீட்டினால் எனக்குத் தெரியும்,
உள்ளே டொக்டரின் கோழிக்கிறுக்கலில்
இரண்டே இரண்டு இங்கிலீஷ் எழுத்து.

ஊசி ஏற்றுகிறவள் பெண் என்றதும்
என் முகத்தைப் பாராமல் கலண்டரைப் பார்க்கிறார்கள்.
எனக்கு வேண்டியது ஒரு நரம்பு.
கையைப் பொத்துங்கோ.
மூச்சை விடுங்கோ.
முடிஞ்சுது.

டிலுக்ஷனுக்கு இருபத்திநாலு. கட்டி மூன்று மாதம்.
கொட்டாஞ்சேனையில் மாமனார் வீட்டு முன்னறை,
பிளைவூட் மறைப்புக்கு அப்பால் அவர் இருமுவது கேட்குமாம்.
"தனிய எழும்பேக்க எல்லாம் சரியாத்தான் இருக்கு மிஸ்"
என்று கலண்டருக்குச் சொன்னான்.
ரிப்போர்ட்டில் ஒரு குறையும் வரவில்லை.
பிளைவூட்டை அளக்க எங்களிடம் மெஷின் இல்லை.

நவ்பர் நானா, புறக்கோட்டையில் துணிக்கடை.
ஒரு செருப்பு வாசலில் கழன்று கிடக்க
மற்றதோடு வந்து கதிரையில் இருந்தார்.
கால் அவருக்குச் சொல்லவில்லை.
பதினேழு வருடச் சீனி
காலோடு மட்டும் நிற்குமா?

பிரேமரத்ன ஓட்டோக்காரன். நாற்பத்தாறு.
சட்டைப்பையில் பாதி முடிந்த சிகரெட் பெட்டி.
டொக்டர் அவனுக்குச் சிங்களத்தில் சொன்னது
இன்னும் என் காதில் இருக்கிறது:
தண்ணி குறைஞ்சால் முதல் நிற்கிறது நாலாம் மாடிப் பைப்.
பைப்பைத் திட்டாதே. கீழே போய் மோட்டரைப் பார்.
நெஞ்சுப் படம் எடுக்க அனுப்பினார்.

எழுபத்தொரு வயது அருளானந்தத்தோடு மனுசியும் வந்தா.
"ஒப்பரேசனுக்குப் பிறகுதான் பிள்ளை" என்றா,
வாங்கு முழுக்கக் கேட்க.
எல்லா ஆண்களும் ஒரேயடியாய்க் கலண்டரைப் பார்த்தார்கள்.
அவர் மட்டும் சிரித்தார். பில் எவ்வளவு என்று கேட்டார்.

செவ்வாய்க்கிழமை உடுப்புத் தோய்க்கையில்
சுகிர்தனின் சேர்ட் பையில்
வியர்வையில் பஞ்சாய்ப் போன ஒன்று.
நாலாய் மடித்தது.

தெஹிவளை டொக்டர்.
என் ஒழுங்கையைத் தாண்டி
நூறாம் நம்பர் பஸ்ஸில் போயிருக்கிறார் மனுசன்.

கொம்பனி மூடின வருடத்திலிருந்து
இரவு இரண்டு மணிவரை பைக்கில் அடுத்தவன் சாப்பாடு.
பினான்ஸ்காரன் கோல் எடுத்தால் குளியலறைக்குள் போய்க் கதைப்பார்.
கவலைக்கென்று கிளினிக்கில் கொடுத்த குளிசை,
அது இதையும் கெடுக்கலாம் என்று
பெட்டிக்குள் மடித்த தாளில் பொடி எழுத்தில் இருக்கிறது.
அடுத்தவன் ரிப்போர்ட் அத்தனையும் வாசிக்கிற நான்
அந்தத் தாளை அன்றைக்குத்தான் விரித்தேன்.
எட்டு மாதமாய் நான் தோண்டியது அவர் போனை.
யாராவது ஒருத்தி இருப்பாள் என்று
அவளுக்கு ஒரு முகமும் வைத்திருந்தேன்.

துண்டில் திகதி போய் மூன்று கிழமை.
இரத்தம் கொடுக்கவில்லை.
பின்பக்கம் பென்சிலால் ஒரு கணக்கு:
டெஸ்ட் காசு, அதன் கீழ் காஸ் சிலிண்டர் விலை,
கீழே ஒரு கோடு.
அந்தக் கிழமை புதுச் சிலிண்டர் வந்தது.
நான் அதில் புட்டு அவித்தேன்.

இரண்டரைக்கு வந்து ஹெல்மட்டைக் கழற்றினார்.
கடைசிச் சரக்கு ரயில் போனதா, காற்றா,
ஜன்னல் கொஞ்சம் ஆடியது.
"நாளைக்குப் பத்துக்கு முதல் லாபுக்கு வாங்கோ,
ஸ்டாஃப் ஆக்களுக்கு அரைவிலை" என்றேன்.

எங்கள் வீட்டில் கலண்டர் இல்லை.
கொஞ்ச நேரம் சுவரில் தேடினார்.